தலைவலிக்கு மாத்திரை, மாத்திரையால் தலைவலி

மெடிக்கல் ஷாப்பில் தலைவலி மாத்திரை கேட்டால் யாரும் மருந்துச் சீட்டு கேட்பதில்லை. "ஒண்ணா, ஒரு அட்டையா?" என்பதுதான் கேள்வி. பன்னிரண்டு வருடம் நான் அட்டையாகவே வாங்கினேன். கைப்பையில் ஒரு அட்டை, அலுவலக மேசை இழுப்பறையில் ஒன்று, வீட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று. முதலில் வலி வந்தால் போட்டேன். அப்புறம் வலி வரும்போலத் தெரிந்தால் போட்டேன். கடைசியில், மீட்டிங் இருக்கிறதே, வந்துவிட்டால் என்ன செய்வது என்று காலை இட்லியோடு சேர்த்துப் போட ஆரம்பித்தேன். அந்தக் கடைசி இரண்டு வருடம் மாதத்தில் இருபது நாளுக்குக் குறையாமல் தலை வலித்தது.

நரம்பியல் மருத்துவரிடம் போனபோது வலி எங்கே, எப்படி என்றெல்லாம் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் முதலில் கேட்டது வேறு: "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?" அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. விடாத தலைவலியோடு வேலைக்குப் போய்வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வலி மாத்திரையை அளவுக்கு மீறிய நாட்கள் எடுப்பதாலேயே வருகிற தலைவலி என்று ஒரு தனி நோய் இருக்கிறது. உலகத் தலைவலி மருத்துவர்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டு நூலில் அதற்குத் தெளிவான எல்லைக்கோடு உண்டு. ஏற்கனவே தலைவலி உள்ள ஒருவருக்கு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலை வலிக்கிறது, கூடவே மூன்று மாதத்துக்கு மேலாக அவர் மாத்திரையை அளவு மீறி எடுக்கிறார் என்றால், அது இந்த வகை. அளவு எது? பாராசிட்டமால், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற தனி மருந்துகளுக்கு மாதம் 15 நாள். இரண்டு மூன்று மருந்து கலந்த கூட்டு மாத்திரைகள், ஒற்றைத் தலைவலிக்கென்றே தரும் எர்கோட்டமின் கலந்தவை, சுமட்ரிப்டான் வகை, டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் இனத்து வலி மருந்து) வகை ஆகியவற்றுக்கு 10 நாள் ஆனாலே அளவு மீறல்தான். நம் ஊரில் தலைவலிக்கென்று பேர்போன பல மாத்திரைகள் காஃபீனும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள்தான். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒருமுறை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று இருக்கிறது. எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, நாட்களை. கடுமையான வலி வந்த ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை மருந்து எடுத்தாலும் கணக்கில் அது ஒரு நாள். "தினம் பாதிதான் போடுறேன்" என்பவருக்கோ அது மாதம் முப்பது நாள். அளவாகப் போடுகிறோம் என்று நம்பிக்கொண்டே இதில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாதி மாத்திரைக்காரர்கள்.

மாத்திரை வலியைக் குறைக்கத்தானே செய்கிறது, அது எப்படி வலியைக் கொண்டுவரும்? ஒவ்வொரு வேளையும் அது வலியைக் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அடிக்கடி வரும்போது மூளையின் வலிப்பாதைகள் அதற்குத் தக்கபடி தங்களை மாற்றிக்கொள்கின்றன. வலியை அடக்கும் இயல்பான ஏற்பாடு தளர்கிறது, சின்னத் தூண்டலுக்கும் நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. மருந்தின் வேகம் இறங்கும்போது அடுத்த வலி எழுகிறது. அதற்கு அடுத்த மாத்திரை. தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்கள். இங்கே தலைவலியும் போகவில்லை. மூட்டு வலிக்காக வருடக்கணக்கில் தினமும் வலி மாத்திரை எடுப்பவர்களில், மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி முன்பே இல்லாதவர்களுக்கு இந்த நோய் பொதுவாக வருவதில்லை. ஆக, குற்றம் மாத்திரையின் மேல் மட்டும் இல்லை. மைக்ரேன் சுபாவம் உள்ள மூளையும் அடிக்கடி வரும் மாத்திரையும் சந்திக்கும் இடத்தில்தான் இது பிறக்கிறது.

மருத்துவ உலகத்துக்கு இது புதிதும் அல்ல. எர்கோட்டமினை ஓயாமல் எடுத்த நோயாளிகளுக்குத் தலைவலி தினசரியாகிவிடுவதையும் நிறுத்தினால் முதலில் கூடிப் பிறகு தணிவதையும் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1951லேயே எழுதிவிட்டார்கள்.

வேலைக்காக மாத்திரை போடும் பழக்கத்துக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. ஸ்வீடனில் ஹுஸ்க்வார்னா என்று ஒரு தொழில் நகரம். 1918ல் ஃப்ளூ காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியபோது அங்கே யோர்டன் என்ற மருத்துவர் ஒரு பொடியை எழுதிக் கொடுத்தார். ஃபெனசெட்டின், ஃபெனசோன் என்ற இரண்டு வலி மருந்துகளும் காஃபீனும் கலந்தது. காய்ச்சல் போனது, பொடி போகவில்லை. போட்டால் உடம்பு சுறுசுறுப்பாகிறது, வேலை ஓடுகிறது என்று தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, அந்த ஊரில் சிறுநீரகம் பழுதாகிச் சாகிறவர்கள் அதிகமாக இருப்பது தெரிந்த பிறகுதான் பொடியின் மேல் சந்தேகம் விழுந்தது. ஃபெனசெட்டின் பின்னர் பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. இந்தக் கதையைப் படித்தபோது என் மேசை இழுப்பறைதான் கண்ணில் வந்து நின்றது. நான் வலிக்காக மட்டுமா போட்டேன்? சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவும்தான் போட்டேன்.

சரி, மாத்திரைக்கு முன்னால் இருந்த அந்த முதல் தலைவலி என்ன? அதைச் சரியாகப் பெயரிடாமல் போவதில்தான் பாதிச் சிக்கல் ஆரம்பிக்கிறது. நம்மிடம் பெயருக்குப் பஞ்சம் இல்லை: சைனஸ், நீர்க்கோவை, பித்தம், கண் பவர், பி.பி., வெயில். மைக்ரேன் என்ற சொல் கடைசியில்தான் வரும். தலையை ஒரு பக்கமாகவோ இரு பக்கமுமோ துடித்துத் துடித்து வலிப்பது, நடந்தால், படியேறினால் கூடுவது, குமட்டுவது, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் இருட்டறையில் போய்ப் படுக்கத் தோன்றுவது, மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிப்பது. இதுதான் மைக்ரேன். 'வாந்தி எடுத்தா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால் அநேகமாக அது பித்தம் அல்ல. சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணெதிரே மின்னும் வளைகோடுகள் ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஓடும். தலையைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டியதுபோல் மந்தமாக, இரண்டு பக்கமும், குமட்டல் இல்லாமல் வந்தால் அது இறுக்கத் தலைவலி. ஊரில் மிகப் பலருக்கும் வருவது அதுதான். ஆனால் ஆளைப் படுக்க வைத்து வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் மைக்ரேன்.

சைனஸ் விஷயத்தில் 2004ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. தனக்கு சைனஸ் தலைவலி என்று தானாகவே முடிவு செய்துகொண்ட அல்லது மருத்துவரால் அப்படிச் சொல்லப்பட்ட சுமார் 3,000 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கடைக்கும், கண்ணில் நீர் வரும், கன்னத்து எலும்பு கனக்கும். அதனால் வரும் குழப்பம். சளி கெட்டியாகிக் காய்ச்சலோடு வரும் உண்மையான சைனஸ் தொற்று வேறு. இரத்த அழுத்தமும் மிக அதிகமாக எகிறினால் ஒழியத் தலைவலி கொடுப்பது அபூர்வம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் நடத்தி 2015ல் வெளியிட்ட ஆய்வு, வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வருவதாகக் கணக்கிட்டது. அந்த நான்கில் ஒருவர் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார். ஏ.சி. காற்று நேராகத் தலையில் படுகிறது என்று இடம் மாற்றிக் கேட்டவராக இருக்கலாம்.

ஸ்கேன் பற்றியும் சொல்லியாக வேண்டும். மைக்ரேனில் ஸ்கேன் சாதாரணமாகத்தான் இருக்கும். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல" என்று மருத்துவர் ஆறுதலாகச் சொல்கிறார். அதே வாக்கியம் வீட்டுக்கு வரும்போது "உனக்கு ஒண்ணுமே இல்ல" என்று மாறிவிடுகிறது. பெண்களுக்கு இது அதிகம் நேர்கிறது. சமையலுக்கு டிமிக்கி, மாமியார் வரும்போது மட்டும் வரும் வலி என்றெல்லாம் பேச்சு கேட்டவர்களை எனக்குத் தெரியும். 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களின் இயங்குதிறனைக் கெடுக்கும் காரணங்களில் முதலிடத்தில் இருந்தது மைக்ரேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற பழமொழியை வீட்டில் எல்லாரும் சொல்கிறோம், பக்கத்து அறையில் படுத்திருப்பவரிடம் மட்டும் அது செல்லுபடியாவதில்லை.

ஸ்கேன் அவசரமாகத் தேவைப்படும் தலைவலிகளும் உண்டு. இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி, 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் வலி, இருமினால் அல்லது படுத்தால் கூடும் வலி, புற்றுநோய் உள்ளவருக்கு வரும் புது வலி. இவற்றுக்கு மாத்திரை தேடிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிள்ளை பெற்ற சில வாரங்களில் வரும் கடும் தலைவலியை நான் தனியே சொல்ல விரும்புகிறேன். மூளையின் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து அந்தச் சமயத்தில் கூடுதல். உடம்பில் நீர் வற்றுவது அதை இன்னும் கூட்டும். பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்று பத்தியம் வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. தயவுசெய்து தண்ணீரைத் தடுக்காதீர்கள்.

மருத்துவர் எனக்கு முதல் நாள் மருந்து மாற்றவில்லை, ஒரு மாதம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே எழுதினேன். வலித்த நாளுக்கு ஒரு புள்ளி, படுக்க வைத்த வலிக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு 'மா', மாதவிலக்குக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். மாதக் கடைசியில் 22 'மா' இருந்தது. எட்டோ பத்தோ இருக்கும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். செல்போனில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, ஆனால் வலியோடு திரையைப் பார்க்க முடியாது. சமையலறைச் சுவரில் பேனாவோடு தொங்கும் காலண்டருக்கே என் ஓட்டு.

அடுத்த வேலை நிறுத்துவது. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் வகைகள், சுமட்ரிப்டான், எர்கோட்டமின் ஆகியவற்றை ஒரேயடியாக நிறுத்தலாம். டிரமடால் போன்ற ஓபியாய்டு கலந்தவற்றையும், கூடவே எடுக்கும் தூக்க மாத்திரைகளையும் அப்படித் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் படிகளில்தான் இறங்க வேண்டும். நிறுத்தியதும் வலி குறையாது, கூடும். இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை குமட்டல், தூக்கமின்மை, படபடப்போடு வாட்டி எடுக்கும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாள் தோற்றுப்போய் மீண்டும் அட்டையைக் கிழிக்கிறார்கள். நான் பொங்கல் விடுமுறையோடு விடுப்பு சேர்த்து எட்டு நாள் ஒதுக்கினேன். நான்காம் நாள் மிக மோசம். எட்டாம் நாள் காலையில் எழுந்து பல் துலக்கிய பிறகுதான் தலை வலிக்கவில்லை என்பதே உறைத்தது. முழுப் பலன் தெரிய இரண்டு மாதம் போல ஆகும்.

நார்வேயில் குடும்ப மருத்துவர்களை வைத்து நடத்திய ஒரு பரிசோதனை எனக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது. புது மருந்து எதுவும் இல்லை. மாத்திரையாலேயே உங்கள் தலைவலி கூடுகிறது, மாதம் இத்தனை நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் உட்கார்ந்து விளக்கிச் சொன்னார்; அவ்வளவே. அப்படிச் சொல்லப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்தில், சொல்லப்படாதவர்களைவிட மாதம் சுமார் 7 தலைவலி நாட்கள் குறைந்தன.

நிறுத்துவதோடு தடுப்பு மருந்தையும் முதல் நாளிலிருந்தே தொடங்குவது இன்னும் நல்லது என்று டென்மார்க்கில் 2020ல் வெளியான ஆய்வு காட்டியது. தடுப்பு மருந்து என்றால் வலி வரும்போது போடுவதல்ல. வலி வராமல் இருக்க, வலி இல்லாத நாளிலும் எடுப்பது. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ப்ராப்ரனலால் இதயத்துக்காக உருவான மருந்து. 1960களில் நெஞ்சுவலிக்கு அதை எடுத்த ஒருவருக்கு மைக்ரேன் குறைந்ததால் தற்செயலாக இந்தப் பயன் வெளிப்பட்டது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்து, குறைந்த அளவில் தலைவலியைத் தடுக்கும், தூக்கமும் தரும். மருந்துச் சீட்டில் இருப்பது மனநோய் மருந்து என்று இணையத்தில் பார்த்து மிரண்டு நிறுத்திவிடாதீர்கள். ஃப்ளுனரிசைன் நம் நாட்டில் நிறைய எழுதப்படுகிறது. எடை கூடலாம், மனம் சோர்ந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டோபிரமேட், வால்ப்ரோயேட் இரண்டும் வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கெடுதல் என்பதால், கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள பெண்கள் அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். இவை எல்லாம் மெதுவாக வேலை செய்பவை. குறைந்தது எட்டு வாரம் பார்க்காமல் பலன் இல்லை என்று சொல்லக் கூடாது.

மைக்ரேனுக்காகவே உருவான மருந்துகள் பிறகுதான் வந்தன. மைக்ரேன் வரும்போது முகத்தின் உணர்வைக் கடத்தும் நரம்பின் முனைகளில் சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கண்டு தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலெசன் ஆகிய நால்வருக்கும் 2021ல் மூளை ஆராய்ச்சிக்கான 'பிரெய்ன் பிரைஸ்' கிடைத்தது. அந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் முதல் ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2018ல் அனுமதி கொடுத்தது. விலை இன்றைக்கும் நம் கைக்கு எட்டும்படி இல்லை. ஆனால் பழைய தடுப்பு மாத்திரைகள் மலிவானவை, பெரும்பாலோருக்கு அங்கேதான் தொடக்கம்.

வலி வருகிற நாளில் எப்படி மாத்திரை எடுப்பது என்பதில் நான் பல வருடம் தப்பு செய்தேன். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளி, தாங்க முடியாமல் போனபின் போடுவேன். மைக்ரேன் முற்றும்போது இரைப்பையின் அசைவே மந்தமாகிவிடுகிறது. விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போகாமல் வயிற்றிலேயே கிடக்கும். அதனால்தான் இரண்டாவது, மூன்றாவது தேவைப்படுகிறது. மைக்ரேன் என்று உறுதியானால் தொடக்கத்திலேயே, மருத்துவர் சொன்ன முழு அளவில், தேவைப்பட்டால் வாந்தியை அடக்கும் மருந்தோடு எடுக்க வேண்டும். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது நாளும் தேவைப்படுகிறது என்றால் தடுப்பு மருந்து பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மைக்ரேனைக் கிளப்பிவிடும் காரணங்களைப் பற்றி ஆளாளுக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டால் வாழவே முடியாது. நம் ஊருக்கே உரியது ஒன்று: தலைக்குக் குளிப்பது. மும்பையின் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வரும் 94 பேரைப் பற்றி 2006ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பாட்டிகள் ஈரத்தலையோடு இருக்காதே என்றது அப்படியே வெறும் நம்பிக்கை இல்லை. எனக்கு வெள்ளிக்கிழமைதான் அதிக வட்டங்கள் இருந்தன: தலைக்குளியல், விரதம், மதியம் வரை வெறும் காபி. விரதத்தில் காலையில் பழமும் பாலும் சேர்த்துக்கொண்டு, தலைக்குளியலை ஞாயிறு பகலுக்கு மாற்றினேன். பாதி வட்டங்கள் போயின. காபியும் தினம் ஒரே நேரத்தில், இரண்டு டம்ளரோடு நிற்க வேண்டும். நாலு டம்ளர் குடித்துப் பழகியவருக்கு ஒரு நாள் நின்றாலே தலை வலிக்கும். தூக்கமும் அப்படித்தான், கூடினாலும் குறைந்தாலும் மைக்ரேன் மூளைக்குப் பிடிக்காது. சுக்குப் பற்று, தைலம், நெற்றியில் ஈரத்துணி, இருட்டறை எல்லாம் செய்யுங்கள், தடையில்லை. ஆவி பிடிப்பது சளிக்கு இதம். மைக்ரேனில் சூடு சிலருக்கு வலியைக் கூட்டிவிடும்.

இன்னொன்று பெண்களுக்கு. கண்ணெதிரே கோடுகள் மின்னும் வகை மைக்ரேன் இருந்தால், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மகப்பேறு மருத்துவரிடம் தலைவலியைப் பற்றி நாம் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் பேசுவதுதான் எனக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்தது. வருடக்கணக்கில் "வயிறு சரியில்லை" என்று பொய் சொல்லி லீவு எடுத்திருக்கிறேன், தலைவலிக்கு லீவா என்று கேட்பார்களே என்று. கடைசியில் மூன்று மாதக் காலண்டரையும் மருத்துவர் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். சம்பள உயர்வோ பெரிய சலுகையோ கேட்கவில்லை. என் தலைக்கு நேர் மேலே இருக்கும் டியூப் லைட்டை அணைக்க வேண்டும், இரவு ஷிஃப்டும் பகல் ஷிஃப்டும் ஒரே வாரத்தில் மாறி மாறி வரக் கூடாது, வலி தொடங்கும்போது மருந்து போட்டு இருபது நிமிடம் இருட்டில் உட்கார ஓர் இடம் வேண்டும். இவ்வளவுதான். மேலாளர் காலண்டரைப் புரட்டிவிட்டு, அந்த 'மா' என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். பத்தில் இரண்டுதான் மிச்சம் இருந்தது. "நான் எண்ணினதே இல்லம்மா" என்றார்.